கணினிக்குள் வளரும் கரு ஒரு ரசாயனத்தைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

கேள்வி இதுதான்: "வயிற்றில் இருக்கும் குழந்தையை ஒரு ரசாயனம் பாதிக்குமா என்று இனி விலங்குகளில் சோதிக்கத் தேவையில்லை, கணினியிலேயே ஒரு கருவை வளர்த்துப் பார்த்துவிடலாம் என்கிறார்களே, இது எவ்வளவு தூரம் உண்மை? நான் உயிரியல் படிக்கும் மாணவி. இந்தத் துறைக்குள் வர என்ன செய்ய வேண்டும்?"

முழுக் கருவைக் கணினியில் இதுவரை யாரும் வளர்த்ததில்லை. வளர்த்திருப்பதெல்லாம் கருவின் சில கட்டங்களைத்தான். ரத்தக்குழாய் வலை பின்னப்படும் கட்டம், மேல் அண்ணத்தின் இரு பாதிகளும் வந்து ஒட்டும் கட்டம், ஆண் சிசுவின் சிறுநீர்ப்பாதை மூடிக்கொள்ளும் கட்டம், விரல்கள் பிரியும் கட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணினி மாதிரி இருக்கிறது. அவை உண்மையாகவே பயன்படுகின்றன. ஆனால் "இந்த ரசாயனம் கருவுக்குப் பாதுகாப்பானது" என்று சான்றிதழ் கொடுக்கும் நிலையில் அவற்றில் எதுவும் இல்லை. எந்த நாளில், எந்தச் செல்லில், எவ்வளவு அளவில் கோளாறு தொடங்கலாம் என்று காட்டுவதுதான் அவற்றின் பலம். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வரும் ஆபத்து சின்னதல்ல. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

இந்தத் துறையில் யாரிடம் பேசினாலும் பேச்சு தாலிடோமைடில் வந்து நிற்கும். 1957 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியில் கான்டெர்கான் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. தூக்க மாத்திரை என்றுதான் வந்தது. கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் கொடுத்தார்கள். 1961 நவம்பரில் திரும்பப் பெறுவதற்குள் 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் 10,000-க்கும் அதிகமான குழந்தைகள் கை கால் குறைபாடுகளோடு பிறந்துவிட்டார்கள். ஹாம்பர்கில் விடுகுண்ட் லென்ஸும் ஆஸ்திரேலியாவில் வில்லியம் மெக்பிரைடும் தனித்தனியாகக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் அது நின்றது. அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் கெல்சி என்ற அதிகாரி கையெழுத்துப் போட மறுத்ததால் அங்கே அப்போது அது சந்தைக்கே வரவில்லை.

இதில் மாதிரி கட்டுகிறவர்கள் பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது, நேரம். பாதிப்பு வந்ததெல்லாம் கருத்தரித்து ஏறக்குறைய 20-ஆம் நாளிலிருந்து 36-ஆம் நாளுக்குள் மாத்திரை சாப்பிட்டவர்களின் குழந்தைகளுக்குத்தான். அந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே ஒரு வரிசை உண்டு. முன்னதாகச் சாப்பிட்டால் காது, சற்றுப் பிந்தினால் கை, இன்னும் பிந்தினால் கால். ஒரே மருந்து, ஒரே அளவு, ஆனால் நான்கு நாள் தள்ளிப்போனால் அடிபடும் உறுப்பு வேறு. "எவ்வளவு" என்று மட்டும் கேட்கும் நச்சியல் கருவுக்குப் போதாது, "எப்போது" என்றும் கேட்டாக வேண்டும்.

இரண்டாவது, எலிக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு. எலிக்கோ சுண்டெலிக்கோ தாலிடோமைடு கொடுத்தால் இந்தக் கைகால் குறைபாடு வருவதில்லை, முயலில் வரும். காரணம் தெரிய அரை நூற்றாண்டு ஆனது. 2010-ல் ஜப்பானில் ஹிரோஷி ஹண்டாவின் குழு, இந்த மருந்து போய் ஒட்டிக்கொள்ளும் புரதம் செரெப்ளான் என்று காட்டியது. வேண்டாத புரதங்களுக்கு 'அழிக்க வேண்டியது' என்று முத்திரை குத்தும் இயந்திரத்தின் ஒரு பாகம் அது. 2018-ல் அடுத்த கண்ணி கிடைத்தது. தாலிடோமைடு ஒட்டியதும் செரெப்ளான், கைகால் வளர்ச்சிக்குத் தேவையான சால்4 என்ற புரதத்துக்கே முத்திரை குத்தத் தொடங்குகிறது. சுண்டெலியின் செரெப்ளானில் அந்த முக்கியமான இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் வேறு, அதன் சால்4-லும் வேறுபாடு உண்டு. அந்தச் சின்ன மாற்றத்தால் சுண்டெலி தப்பித்தது, மனிதக் குழந்தைகள் தப்பிக்கவில்லை. விலங்குச் சோதனை மட்டும் போதும் என்று வாதிடுகிறவர்கள் இந்தக் கதையை ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும்.

இன்னொரு பக்கம் எண்ணிக்கைப் பிரச்சினை. கருவளர்ச்சி நச்சுத்தன்மைக்கு உலக அளவில் ஏற்கப்பட்ட, ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் 414-ஆம் வழிகாட்டியின்படி, மூன்று அளவுக் குழுக்கள், மருந்தே கொடுக்காத ஒரு குழு என நான்கு குழுக்கள் வேண்டும். குழுவுக்கு ஏறக்குறைய 20 சினை விலங்குகள். ஓர் இனத்துக்கே 80 தாய் விலங்குகளும் அவற்றின் நூற்றுக்கணக்கான குட்டிகளும் தேவை. பல நேரங்களில் எலியில் ஒருமுறை, முயலில் ஒருமுறை என்று இருமுறை செய்ய வேண்டியிருக்கும். அமெரிக்காவின் வணிக ரசாயனப் பட்டியலில் மட்டும் 86,000-க்கு மேல் பெயர்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் இப்படிச் சோதித்து முடிப்பது நடக்கிற காரியமில்லை. பெரும்பாலானவை கருவுக்கு என்ன செய்யும் என்று யாரும் பார்க்காமலேயே புழக்கத்தில் இருக்கின்றன.

இந்த நிலைமையில்தான் 2007-ல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் அறிக்கை, நச்சுச் சோதனையை மனிதச் செல்களுக்கும் கணினிக்கும் நகர்த்தச் சொன்னது. அதே ஆண்டில் அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அதாவது இபிஏ, டாக்ஸ்காஸ்ட் திட்டத்தைத் தொடங்கியது. ரோபோக்கள் ஆயிரக்கணக்கான ரசாயனங்களை நூற்றுக்கணக்கான குட்டிச் சோதனைகளில் போட்டு, எது எந்த ஏற்பியில் ஒட்டுகிறது, எந்த நொதியைத் தடுக்கிறது என்று அளந்து குவித்தன. அந்த எண்களை எல்லாம் வைத்து என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒரு பதிலாக, வட கரோலினாவிலுள்ள இபிஏவின் கணினி நச்சியல் மையத்தில் தாமஸ் நட்சன் தலைமையில் மெய்நிகர் கருத் திட்டம் பிறந்தது.

இப்போது உள்ளே போய்ப் பார்ப்போம்.

இந்த மாதிரிகள் பெரும்பாலும் கம்ப்யூசெல்3டி என்ற மென்பொருளில் ஓடுகின்றன. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கிளேசியரின் குழு வளர்த்தெடுத்தது. யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதன் அடிப்படையை ஃபிரான்சுவா கிரானரும் கிளேசியரும் 1992-ல் வெளியிட்டார்கள். ஒரு கட்டத்தாளை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் 7 என்ற எண் உள்ள எல்லாக் கட்டங்களும் சேர்ந்தது 7-ஆம் செல், 8 உள்ளவை சேர்ந்தது 8-ஆம் செல். கணினி ஏதோ ஒரு கட்டத்தைக் குருட்டாம்போக்கில் எடுக்கும். பக்கத்துக் கட்டத்தின் எண்ணை இதில் எழுதிப் பார்க்கலாமா என்று கேட்கும். எழுதினால் 8-ஆம் செல் ஒரு கட்டம் முன்னேறும், 7-ஆம் செல் ஒரு கட்டம் பின்வாங்கும். இந்த மாற்றத்தால் மொத்த அமைப்பின் ஆற்றல் குறைந்தால் மாற்றம் உடனே ஏற்கப்படும். ஆற்றல் கூடினால், எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு வாய்ப்புக் குறையும், ஆனாலும் எப்போதாவது நடக்கும்.

அந்த ஆற்றல் கணக்கில்தான் உயிரியல் முழுவதும் இருக்கிறது. இரண்டு செல்கள் தொட்டுக்கொள்ளும் எல்லைக்கு ஒரு விலை. ஒட்டும் தன்மை அதிகமுள்ள ஜோடிக்கு விலை குறைவு. ஒரு செல் தனக்குரிய பருமனைவிடப் பெரிதானாலோ சுருங்கினாலோ அதற்கு ஓர் அபராதம். ஏதாவது சமிக்ஞை வேதிப்பொருள் அதிகமுள்ள பக்கமாக நகர்ந்தால் ஒரு சலுகை. அந்த வேதிப்பொருள் எங்கே சுரக்கிறது, எப்படிப் பரவுகிறது, எங்கே சிதைகிறது என்பது தனிச் சமன்பாடுகளில் கூடவே ஓடும். இவ்வளவுதான் விதி. இரண்டு வகைச் செல்களைக் கலந்துகட்டிப் போட்டு, ஒட்டும் விலையை மட்டும் வகைக்கு வகை மாற்றிவிட்டு ஓடவிட்டால், கொஞ்ச நேரத்தில் ஒரு வகை நடுவிலும் மற்றது சுற்றிலும் தானாகப் பிரிந்து நிற்கும். மால்கம் ஸ்டைன்பெர்க் 1960-களில் உண்மையான கருச் செல்களைப் பிரித்துக் கலந்தபோது கண்டதும் அதைத்தான்.

2013-ல் நிகோல் கிளைன்ஸ்ட்ராயர், நட்சன் உள்ளிட்டோர் இதே மென்பொருளில் ரத்தக்குழாய் மாதிரியைக் கட்டினார்கள். குழாயின் நுனியில் நின்று வழி தேடும் செல்கள், அதன் பின்னால் தண்டாக நீளும் செல்கள், வெளிச்சுவருக்கு வலு சேர்க்கும் செல்கள், அழற்சிச் செல்கள் எல்லாம் உண்டு. குழாயை வளரச் சொல்லும் வளர்ச்சிக் காரணியும், செல்களுக்கிடையே உள்ள பின்னலை அறுத்து வழிவிடும் நொதிகளும் உண்டு. ஓடவிட்டதும் சிதறிக் கிடந்த செல்கள் பலகோண வலையாகக் கோத்துக்கொண்டன. நுண்ணோக்கியில் தெரியும் தந்துகி வலையும் அந்த வடிவில்தான் இருக்கும்.

எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. எதிரெதிரே வரும் இரண்டு நுனிச் செல்களை வேறு வகைச் செல் ஒன்று நடுவில் நின்று பாலமாக இணைக்கும் காட்சி திரையில் வந்தது. அப்படிச் செய் என்று யாரும் நிரலில் எழுதவில்லை. ஒட்டும் விலையும் சமிக்ஞைச் சரிவும் சேர்ந்து அந்த நடத்தையைத் தாமாகவே பிறப்பித்தன. எழுதாதது ஒன்று மாதிரிக்குள் எழும்பி, அது நிஜ உயிரிலும் காணக்கூடியதாக இருந்தால், எழுதிய விதிகளில் ஓரளவு உண்மை இருக்கிறது என்று நம்ப இடம் கிடைக்கிறது. வரைபடத்துக்குப் பொருத்தமாக எண்களைத் திருகி எடுப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

அடுத்து ரசாயனத்தை உள்ளே விட்டார்கள். தேர்ந்தெடுத்தது 5எச்பிபி-33 என்ற சேர்மம். தாலிடோமைடின் உறவுக்காரச் சேர்மம், ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுப்பது. டாக்ஸ்காஸ்ட் சோதனைகளில் அது எந்தெந்த இலக்கை எந்தச் செறிவில் தொட்டதோ, அந்த எண்களின்படி மாதிரியில் அந்தந்த விதியைத் தளர்த்தினார்கள். செறிவு கூடக்கூட வலை எப்படிச் சிதையும், எந்த நேரத்தில் சிதையும் என்று மாதிரி சொன்னதும், ஆய்வகத் தட்டில் வளர்த்த குழாய்களில் நடந்ததும் ஒத்துப்போயின. செல் மட்டத்திலான மாதிரி ஒன்றை நச்சுத்தன்மையை முன்கூட்டிக் கணிக்கப் பயன்படுத்த முடியும் என்று முதலில் காட்டிய வேலை அது என்றே அதைச் செய்தவர்கள் எழுதினார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். தாலிடோமைடு ஏன் கைகளைக் குறுக்கியது என்று இந்த மாதிரி விளக்கிவிட்டதாகச் சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. ரத்தக்குழாய்க் கருத்துக்கு ஆதாரம் இருக்கிறது. இன்னும் முதிராத, வெளிச்சுவர் சேராத குழாய்கள்தான் முதலில் அழிகின்றன என்பது 2009-ல் கோழிக்கருவில் இறக்கையாக வளரப்போகும் மொட்டில் காட்டப்பட்டது. ஆனால் சால்4 பற்றித் தெரியவந்தது 2018-ல். 2013-ல் கட்டிய மாதிரிக்குள் அது இருக்க வழியே இல்லை. கட்டியவர்கள் அறிந்தது எதுவோ அதுதான் மாதிரியின் உலகம். நாளை வேறொரு ரசாயனம், நாம் கேள்விப்பட்டிராத ஒரு புரதத்தின் வழியாகக் கருவைத் தொட்டால், திரையில் வலை அழகாகவே பின்னிக்கொண்டிருக்கும்.

மற்ற உறுப்பு மாதிரிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேல் அண்ண மாதிரி 2017-ல் வந்தது. இரு பக்க மடல்கள் சந்தித்ததும் நடுவிலுள்ள மெல்லிய தோல் மடிப்பு மறைய வேண்டும், மறையாவிட்டால் பிளவு. ஆண் சிசுவின் சிறுநீர்ப்பாதை மாதிரி 2016-ல் வந்தது. வின்குளோசோலின் போன்ற பூஞ்சைக்கொல்லிகள் ஆண் ஹார்மோனின் ஏற்பியைத் தடுக்கும், அதனால் எலிக்குட்டிகளில் பாதை முழுதாக மூடாமல் போகும் என்பது முன்பே தெரிந்தது. அதை மாதிரியில் படிப்படியாகக் காண முடிகிறது. விரல்களுக்கு வேறொரு மரபு இருக்கிறது. ஒன்றை ஒன்று தூண்டியும் அடக்கியும் பரவும் இரண்டு வேதிப்பொருள்கள் போதும், ஒரே சீரான திசுவில் வரிகளும் புள்ளிகளும் தானாகத் தோன்றும் என்று ஆலன் டியூரிங் 1952-லேயே கணக்கில் காட்டிவிட்டார். 2014-ல் பார்சிலோனாவில் ஜேம்ஸ் ஷார்ப்பின் குழு, சுண்டெலியின் விரல்கள் அந்த வகை வலையமைப்பால்தான் பிரிகின்றன என்று காட்டியது. இரண்டு சமிக்ஞைகளைச் சேர்த்துத் தடுத்தால் விரல் அமைப்பு எப்படி மாறும் என்று மாதிரியிடம் முதலில் கேட்டு, பிறகு வளர்ப்புத் தட்டில் இருந்த உண்மையான கைகால் மொட்டில் செய்து பார்த்தார்கள். கணித்தபடியே வந்தது. நல்ல ஆய்வு எப்படி இருக்க வேண்டும் என்று என்னிடம் கேட்கும் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் திசுவுக்குள் நடப்பது. ரசாயனம் அந்தத் திசுவுக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பது இதைவிடச் சிக்கலான கேள்வி. செய்திகளில் பெரும்பாலும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

உடலைக் கல்லீரல், சிறுநீரகம், கொழுப்பு, கர்ப்பப்பை, சிசு என்று அறை அறையாகப் பிரித்து, ஒவ்வோர் அறைக்கும் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தம் போகிறது, அங்கே எவ்வளவு தங்குகிறது, எவ்வளவு கழிகிறது என்று சமன்பாடு எழுதுவார்கள். இதையே தலைகீழாகவும் ஓட்டலாம். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: தட்டிலுள்ள செல்கள் 10 மைக்ரோமோலார் செறிவில் பாதிப்படைகின்றன என்று வைத்துக்கொள்வோம். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் 1 மில்லிகிராம் உட்கொண்டால் ரத்தத்தில் 2 மைக்ரோமோலார் நிலைத்து நிற்கும் என்று உடல் மாதிரி சொல்கிறது. அப்படியானால் கவலைப்பட வேண்டிய அளவு நாளைக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம். மக்கள் உண்மையில் உட்கொள்வது அதைவிட ஆயிரம் மடங்கு குறைவு என்றால் அந்த ரசாயனம் வரிசையில் பின்னால் போகலாம். பத்து மடங்குதான் குறைவு என்றால் முன்னால் வர வேண்டும்.

கர்ப்பம் இந்த எண்களை எல்லாம் நகர்த்திவிடுகிறது. தாயின் ரத்த நீர்மம் பாதிக்குப் பாதி என்னும் அளவுக்குக் கூடுகிறது. இதயம் வெளியேற்றும் ரத்தமும் கூடுகிறது. ரத்தத்திலுள்ள அல்புமின் புரதத்தின் செறிவு குறைகிறது. அதில் ஒட்டிக்கொண்டு செயலற்றுக் கிடக்கும் ரசாயனத்தின் பங்கு குறைந்து, திசுக்களுக்குள் புகக்கூடிய சுதந்திரப் பங்கு கூடுகிறது. இந்த மாற்றங்களை வாரவாரியாகக் கணக்கில் எடுக்கும் மாதிரிகள் இப்போது இருக்கின்றன. இபிஏ தன் எச்டிடிகே என்ற மென்பொருள் தொகுப்பில் அவற்றைத் திறந்த மூலமாகவே வைத்திருக்கிறது. எலியிலிருந்து மனிதருக்குத் தாவும்போது உடல் எடையை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு டையாக்சின் ஒன்றே போதும். எலியின் உடலில் அதன் பாதி சில வாரங்களில் வெளியேறிவிடும், மனித உடலில் ஏழு ஆண்டுக்கு மேல் ஆகும். ஒரு பெண் பத்து வயதில் உட்கொண்டது முப்பது வயதில் அவள் சுமக்கும் கருவைத் தொடலாம். அன்றாட அளவை மட்டும் ஒப்பிடும் கணக்கு இதைப் பிடிக்காது.

கணினி மாதிரி ஆய்வுத்தாளோடு நின்றுவிடாமல் அரசு முடிவுகளை நேரடியாக நிர்ணயித்த இடம் ஒன்று உண்டு. அது கருவிலிருந்து கொஞ்சம் தள்ளி, பிறந்த குழந்தையின் வளரும் மூளையைப் பற்றியது. ஈயம்.

இபிஏ 1994-ல் வெளியிட்ட குழந்தைகளுக்கான ஈய மாதிரி, பிறந்தது முதல் ஏழு வயது வரையிலான குழந்தைகளுக்கு உரியது. மண், வீட்டுத் தூசி, குடிநீர், காற்று, உணவு ஐந்திலும் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று கொடுக்க வேண்டும். மண்ணிலும் தூசியிலும் உள்ளதில் 30 விழுக்காடு, நீரிலும் உணவிலும் உள்ளதில் 50 விழுக்காடு உடலில் சேரும் என்று அது இயல்பாக எடுத்துக்கொள்கிறது. எலும்பு, சிறுநீரகம், கல்லீரல், ரத்தச் சிவப்பணு என்று அறைகளில் அதைப் பிரித்துவிட்டு, இறுதியில் ஒரு குழந்தையின் அளவைச் சொல்லாமல் பலரின் பரவலைச் சொல்கிறது. ஒரே மண்ணில் விளையாடும் குழந்தைகளுக்குள்ளும் ஒருவர் அதிகம் வாயில் போடுவார், ஒருவருக்கு உறிஞ்சுதல் அதிகம். அந்த வேறுபாட்டைக் குறிக்க 1.6 என்ற பெருக்கல் திட்டவிலக்கத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

அந்த எண் என்ன செய்கிறது என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள். நூற்றுக்கு ஐந்து குழந்தைகளுக்கு மேல் 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது அந்தக் காலத்து இலக்கு. எல்லா அளவும் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு. 1.6-ஐ 1.645 அடுக்குக்கு (மேலே உள்ள ஐந்து விழுக்காட்டைப் பிரித்துக் காட்டும் புள்ளியியல் எண் அது) உயர்த்தினால் ஏறக்குறைய 2.17. அதனால் 10-ஐ வகுத்தால் 4.6. அதாவது ஒரு தெருவின் நூறு குழந்தைகளை ரத்த ஈய அளவுப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கும் குழந்தை 4.6-க்குள் இருந்தால்தான் கடைசி ஐந்து குழந்தைகளைத் தவிர மற்றவர்கள் 10-க்குள் இருப்பார்கள். அந்த 4.6-ஐத் தரும் மண்ணின் ஈய அளவு எது என்று பின்னோக்கித் தேடினால் கிட்டத்தட்ட 400 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 400 பங்கு, வரும். பல ஆண்டுகளாக அமெரிக்கக் குடியிருப்பு மண்ணுக்கு அதுதான் அளவுகோலாக இருந்தது. பிறகு 10-க்குக் கீழேயும் மூளை வளர்ச்சி பாதிக்கப்படுகிறது என்று ஆய்வுகள் வந்தன. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் தன் குறிப்பளவை 2012-ல் 5-க்கும் 2021-ல் 3.5-க்கும் இறக்கியது. 3.5-ஐ இலக்காக வைத்தால் நடுவில் நிற்கும் குழந்தைக்கு 1.6 மைக்ரோகிராம்தான் அனுமதி. 2024 ஜனவரியில் மண்ணின் அளவுகோல் 200-ஆகவும், வேறு ஈய மூலங்களும் உள்ள இடங்களில் 100-ஆகவும் குறைக்கப்பட்டது. எத்தனை வீட்டு முற்றங்களைத் தோண்டி மண்ணை மாற்றுவது என்ற முடிவின் அடியில் இந்த வகுத்தல் கணக்கு இருக்கிறது.

இதை அப்படியே எடுத்துச் சென்னையில் ஓட்டலாமா என்று கேட்டால், கூடாது. மென்பொருளில் ஏற்கெனவே நிரப்பி வைத்திருக்கும் உணவு அளவும் தூசி அளவும் அமெரிக்க வீடுகளுடையவை. ஈயம் கலந்த மஞ்சள்தூள், வீட்டோரம் பழைய பேட்டரி உருக்கும் பட்டறை, சுவர்ப் பூச்சு எதுவும் அந்தக் கட்டங்களில் இல்லை. உறிஞ்சுதலும் மாறும், இரும்புச்சத்துக் குறைந்த குழந்தையின் குடல் ஈயத்தை அதிகமாக எடுத்துக்கொள்ளும். சென்னையில் 3 முதல் 7 வயது வரையிலான எழுநூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், ரத்த ஈயத்தின் சராசரியே 11 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. ஈயம் கூடக்கூடக் கவனக்குறைவு போன்ற நடத்தைச் சிக்கல்களும் கூடின. நம் வீடுகளின் தூசியையும் அரிசியையும் மசாலாவையும் அளந்து, நமக்கென்று ஒரு மாதிரியைச் சரிசெய்யும் வேலை காத்துக்கிடக்கிறது. அதைச் செய்ய வேண்டியவர்கள் இங்கே படிக்கும் உங்களைப் போன்றவர்கள்தான்.

இனி, விலங்குச் சோதனை முடிவுக்கு வருமா என்ற கேள்வி. சட்டம் அந்தத் திசையில் நகர்கிறது. அழகுசாதனப் பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2013-லும் இந்தியா 2014-லும் கதவை மூடின. புது மருந்துகளுக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற வாசகத்தை அமெரிக்கா 2022 டிசம்பரில் சட்டத்திலிருந்து எடுத்தது. எனக்கு இதில் மகிழ்ச்சிதான். ஆனாலும் ஓர் எண்ணை உங்கள் முன் வைக்கிறேன். மனிதக் கருத் தண்டுச்செல்கள் வெளிவிடும் ஒரு வேதிப்பொருளுக்கும் உள்ளிழுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள விகிதத்தை வைத்துக் கருநச்சைக் கணிக்கும் சோதனை ஒன்று உண்டு. டாக்ஸ்காஸ்டின் 1,065 ரசாயனங்களை அதில் போட்டார்கள், 19 விழுக்காடு நச்சு என்று வந்தது. ஏற்கெனவே விடை தெரிந்த ரசாயனங்களோடு ஒப்பிட்டபோது மொத்தத் துல்லியம் 80 விழுக்காட்டையொட்டி இருந்தது. தீங்கற்றதைத் தீங்கற்றது என்று சொல்வதில் 84 விழுக்காட்டுக்கும் மேல் சரி. தீங்கானதைத் தீங்கு என்று பிடிப்பதில் மட்டும் 67-க்கும் கீழ்.

80 என்ற சராசரியைக் கேட்டுத் திருப்தி அடைந்துவிட்டால், மூன்றில் ஒன்று நழுவுகிறது என்பது கண்ணில் படாது. தண்டுச்செல் தட்டில் நஞ்சுக்கொடி இல்லை, தாயின் கல்லீரல் இல்லை, ஐந்தாவது வாரத்துக் கைமொட்டு இல்லை. அங்கே இல்லாத உறுப்பைத் தாக்கும் ரசாயனம் அந்தச் சோதனையில் தேறிவிடும். இத்தகைய சோதனையோ மாதிரியோ "ஆம், ஆபத்து" என்று சொன்னால் அதைப் பின்தொடர நல்ல காரணம் இருக்கிறது. "இல்லை" என்று சொன்னால், எந்தெந்தப் பாதைகளை அது பார்த்தது, எவற்றைப் பார்க்கவே இல்லை என்று பட்டியல் கேளுங்கள். பட்டியல் தர முடியாத நிறுவனத்தின் "இல்லை"க்கு நான் மதிப்புக் கொடுக்க மாட்டேன். கர்ப்பிணிகள் கையில் போய்ச் சேரும் பொருளுக்கு இதைவிடக் குறைந்த கறார் போதாது.

இன்றைக்கு நியாயமான ஏற்பாடு என்று நான் நினைப்பது: பல்லாயிரம் ரசாயனங்களில் எதை முதலில் பார்ப்பது என்று வரிசைப்படுத்த ரோபோச் சோதனையும் உடல் மாதிரியும், எந்த நாளில் எந்தத் திசுவைப் பார்ப்பது என்று குறிக்க உறுப்பு மாதிரி, அந்தக் குறியை வைத்து மனிதச் செல்களில் வளர்த்த குட்டித் திசுக்களிலோ வரிமீன் (ஜீப்ராஃபிஷ்) முட்டையிலோ சரிபார்ப்பு, அதிலும் தெளியாததற்கு மட்டும் பாலூட்டி விலங்கு. இப்படிச் செய்தாலே லட்சக்கணக்கான விலங்குகள் தப்பும், இன்று யாரும் பார்க்காமல் விட்ட ரசாயனங்களும் ஒருமுறையாவது பார்வைக்கு வரும்.

உங்களைப் பற்றிய கடைசிக் கேள்விக்கு வருகிறேன். பைத்தான் கொஞ்சம், வகைக்கெழுச் சமன்பாடு கொஞ்சம், கருவியல் நிறைய. இந்த மூன்றில் மாணவர்கள் பெரும்பாலும் கடைசியைத்தான் குறைத்து மதிப்பிடுகிறார்கள். நிரலை ஓர் ஆண்டில் பிடித்துக்கொள்ளலாம். ஐந்தாவது வாரத்தில் கைமொட்டில் எந்தச் செல் எங்கே நிற்கிறது என்பது மனத்தில் படமாக ஓட அதைவிட நாளாகும். சாதாரண மடிக்கணினியே போதும். கம்ப்யூசெல்3டியை நிறுவி, அதோடு வரும் செல் பிரியும் மாதிரியைத் திறந்து, ஒட்டும் விலைகளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஓடவிடும் முன் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதை நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். ஒரே அமைப்பை வெவ்வேறு தொடக்க எண்களோடு இருபது முறையாவது ஓட்டுங்கள், ஏனென்றால் குருட்டாம்போக்கு உள்ள மாதிரியில் ஒரு ஓட்டத்தின் அழகான படம் எதையும் நிரூபிக்காது. அடுத்ததாக ஒரு சமிக்ஞை வேதிப்பொருளைச் சேர்த்து, அதன் சுரப்பைப் பாதியாக்குங்கள், பிறகு கால்பங்காக்குங்கள். வடிவம் படிப்படியாகக் கெடுகிறதா, ஒரு குறிப்பிட்ட இடம்வரை தாங்கிவிட்டுச் சட்டென்று உடைகிறதா என்று பாருங்கள். சட்டென்று உடைந்தால், அந்த இடத்துக்கு இருபுறமும் இன்னும் நெருக்கமான அளவுகளில் ஓட்டி வரைபடமாக்கி எடுத்துக்கொண்டு உங்கள் கருவியல் ஆசிரியரிடம் போங்கள்.